ஏழு பேர் வண்டியும் நாற்பது பக்க நோட்டும்

"இந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு தரும்?" என்று யார் கேட்டாலும், "அதை மட்டும் கேட்காதீங்க" என்பதுதான் ரொம்ப நாள் என் பதில். சிரித்துச் சமாளித்தேனே தவிர, உண்மையில் எனக்கே தெரியாது. எங்கள் மினிவேன் கைமாறி வந்த வண்டி. 3.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியர், மூன்று வரிசை சீட். வெறும் வண்டியே இரண்டு டன்னைத் தொடும். "இவ்வளவு பெரிய வண்டின்னா குடிக்கத்தான் செய்யும்" என்று கணவரும் சொன்னார், மெக்கானிக்கும் சொன்னார். நானும் அதை நம்பிக்கொண்டு பம்பில் மீட்டர் ஓடுவதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் மகளின் பள்ளிப் பையில் எழுதாமல் கிடந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வண்டியில் போட்டேன். முதல் வரி: 412 கி.மீ., 61.3 லிட்டர், லிட்டருக்கு 6.7 கி.மீ. அதே டேங்குக்கு டேஷ்போர்டில் வண்டி காட்டிய கணக்கு 7.3. அன்றைக்குத்தான் முதல் பாடம்: டிஸ்ப்ளேயில் வரும் மைலேஜ், பையன் தானே சொல்லும் மார்க் மாதிரி. கொஞ்சம் கூட்டித்தான் வரும். ஒரு பயணத்தையும் இன்னொரு பயணத்தையும் ஒப்பிட அது போதும். நிஜக் கணக்குக்கு டேங்க் ஃபுல் செய்து, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை மறுபடி ஃபுல் செய்து, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால்தான் ஆச்சு.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பம்ப் தானாக 'டக்' என்று நிற்கும் முதல் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாகத் திணித்தால் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இரண்டு லிட்டர் வித்தியாசம் சுலபமாக வந்துவிடும். அறுபது லிட்டரில் இரண்டு லிட்டர் என்றால் மூன்று சதவீதப் பிழை. நாம் தேடுகிற லாபமே சில சமயம் அவ்வளவுதான். அதனால் ஒரே பம்ப், ஒரே பக்கம், முதல் 'டக்'. ஒரு டேங்கை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. முதல் மூன்று டேங்கையும் சேர்த்தேன்: 1,245 கி.மீ., 182.7 லிட்டர். லிட்டருக்கு 6.8. இதுதான் என் தொடக்கக் கோடு.

முதலில் டயரில் கை வைத்தேன், எல்லோரும் சொல்வது அதுதானே. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ என்று இருந்தது. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் ஆறியிருக்கும்போது அளந்தேன்: 27, 28, 31, 28. நான்கு டயரும் பசியில் கிடக்கிறது, டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை! பிறகு படித்தேன், அந்த எச்சரிக்கை விளக்கு பொதுவாக ஸ்டிக்கர் அளவிலிருந்து கால்வாசி குறைந்தால்தான் எரியும். 35-க்கு அது 26 சொச்சம். 27-இல் ஓடினாலும் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

நான்கையும் 35-க்கு ஏற்றிவிட்டு அற்புதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அடுத்த டேங்க் 6.9. அதற்கடுத்தது 6.8. ஏமாற்றம்தான். சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. என் டயர்களுக்கு அது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. நோட்டில் டேங்குக்கு டேங்க் வரும் ஏற்ற இறக்கத்திலேயே காணாமல் போய்விடும் அளவு. ஆனாலும் காற்று பிடிப்பதை விடவில்லை. மழையில் பிரேக் போடும்போதும், டயரின் ஓரம் தேயும்போதும் அதன் அருமை தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அந்த அளவுக்கு ஏற்றி மைலேஜ் பார்க்கப் போகாதீர்கள். வண்டியின் ஸ்டிக்கர்தான் கணக்கு.

மேலே டாப் பாக்ஸ் இருந்தது. விடுமுறைக்குப் போனபோது ஏற்றியது, வந்து ஐந்து மாதம் ஆகியும் இறக்கவில்லை. உள்ளே ஒரு கிழிந்த பாய், ஒற்றைச் செருப்பு. இறக்கிய பிறகு ஒரே நெடுஞ்சாலையில், ஒரே வேகத்தில் போய்வந்து பார்த்தேன். பாக்ஸோடு 8.1, இல்லாமல் 9.3. நகரத்துக்குள் இந்த அளவு தெரியாது, வேகம் கூடக்கூடத்தான் காற்று அதைப் பிடித்து இழுக்கிறது. பாக்ஸ் காலியா நிறைவா என்பது காற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

உள்ளே கிடந்த சாமான்களையும் இறக்கினோம். மடக்கு நாற்காலிகள், சின்னவன் வளர்ந்து வருடமாகியும் கிடந்த தள்ளுவண்டி, ஒரு மூட்டை பழைய புத்தகம், எல்லாம் சேர்த்து நாற்பது கிலோ இருக்கும். நோட்டில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு டன்னில் நாற்பது கிலோ எம்மாத்திரம்! இடம் கிடைத்தது, அது லாபம்.

இதற்கு அப்புறம்தான் கதை சூடு பிடித்தது.

ஒரு ஞாயிறு கடையிலிருந்து வந்து சாமான் இறக்கும்போது பின்னால் வலதுபக்கச் சக்கரத்தின் அருகே கை போனது. சூடு. இடதுபக்கம் போய்ப் பார்த்தேன், வெதுவெதுப்பு. அன்றைக்குப் பெரிதாகப் பிரேக்கே பிடிக்கவில்லை. மறுநாள் வேண்டுமென்றே பத்து கிலோமீட்டர் ஓட்டி, நிற்கும்போதும் மெதுவாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். தொடவில்லை, காட்டினேன். பிரேக் தட்டு தோலை உரித்துவிடும். மூன்று சக்கரம் ஒரு மாதிரி, இந்த ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி, கூடவே லேசாகக் கருகின வாடை.

கணவர் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கு வைத்தார். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு இடது சக்கரத்தைக் கையால் சுண்டினேன். இரண்டு மூன்று சுற்று சுற்றி நின்றது. வலதைச் சுண்டினேன். கால் சுற்றுகூட இல்லை, 'கிரீச்' என்று நின்றுவிட்டது. இத்தனை மாதமும் நாங்கள் ஒரு பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் ஓடியிருக்கிறோம்.

கழற்றியதும் காரணம் தெரிந்தது. பேட் எனும் பிரேக் கட்டைகளைத் தட்டின் மேல் அழுத்தும் கவ்விதான் காலிப்பர். அது நகர்வதற்கு 'பின்' எனும் இரண்டு சின்னக் கம்பிகள் உண்டு. ஒன்றின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்து, அந்தக் கம்பி துருவேறி அசையாமல் கிடந்தது. உள்பக்க பேட் தேய்ந்து இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப்பக்கம் ஏழு மில்லிமீட்டர் இருந்தது. ஒரே சக்கரத்தில் இரண்டு பேடும் இப்படி வேறுவேறாகத் தேய்ந்திருந்தால் அந்தக் கம்பியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த வேலையை நாங்கள் செய்யவில்லை, பிரேக் விஷயத்தில் வீரம் வேண்டாம் என்று கடையில் விட்டோம். கம்பியைத் தேய்த்து, பிரேக்குக்கென்று இருக்கும் கிரீஸ் தடவி, புது உறையும் பேடும் போட்டார்கள்.

அடுத்த இரண்டு டேங்க்: 7.2, 7.3.

"இவ்வளவு பாடுபட்டு அரைக் கிலோமீட்டர்தானா?" என்றார் கணவர். அவருடைய சின்னக் காரில் அரைக் கிலோமீட்டர் கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அன்றிரவு உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். மினிவேன் வைத்திருக்கும் யாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். லிட்டருக்கு 14 தரும் கார் 15 தர ஆரம்பித்தால், நூறு கிலோமீட்டருக்கு 7.14 லிட்டர் குடித்தது 6.67 குடிக்கும். மிச்சம் அரை லிட்டருக்கும் குறைவு. 6 தரும் வண்டி 7 தர ஆரம்பித்தால்? 16.67 போய் 14.29 ஆகும். மிச்சம் 2.38 லிட்டர், ஐந்து மடங்கு. பார்க்க இரண்டும் 'ஒரு கிலோமீட்டர் கூடுதல்'தான். அதிகம் குடிக்கும் வண்டியில்தான் சின்னத் திருத்தத்துக்குப் பெரிய கூலி. அதன்பிறகு நோட்டில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்.

இரண்டாவது பெரிய திருட்டைக் கண்டுபிடித்தது ஒரு தீப்பெட்டி அளவு ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் அருகில், பதினாறு ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயமானது, இப்போது ஏறக்குறைய எல்லா நாட்டு வண்டியிலும் இருக்கிறது. அதில் செருகி, புளூடூத் வழியாகப் போனில் பார்க்கலாம். வேடிக்கை பார்க்கத்தான் வாங்கினேன். நெடுஞ்சாலையில் கணவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடு 78 டிகிரி. ஒரு நீண்ட இறக்கத்தில் 71. மறுபடி ஏற்றத்தில் 80. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இது 90 பக்கத்தில் ஆடாமல் நிற்க வேண்டும்.

டேஷ்போர்டு முள்ளோ கிட்டத்தட்ட நடுவில்தான் நின்றது. பல வண்டிகளில் அந்த முள்ளை அப்படித்தான் அமைத்திருப்பார்கள், சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது அசையாது, நாம் பயந்துவிடக் கூடாதாம். இன்ஜின் விளக்கும் எரியவில்லை. ஆனால் ஸ்கேனரில் 'பென்டிங்' என்ற பகுதியைத் திறந்தால் ஒரு பிழைக் குறியீடு உட்கார்ந்திருந்தது: பி0128. தெர்மோஸ்டாட் வைத்திருக்க வேண்டிய சூட்டுக்குக் கூலன்ட் வரவில்லை என்று பொருள்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்ன வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் உள்ளேயே சுற்றவிடும். சூடானதும் திறக்கும். எங்கள் வண்டியில் அது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அறையைச் சூடாக்குகிற கதைதான். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும், பெட்ரோலில் தாராளம் காட்டும். ஆயில் கெட்டியாகவே இருக்கும். ஆட்டோமேட்டிக் கியரில், இன்ஜின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் நழுவாமல் 'லாக்' ஆவதும் தள்ளிப்போகும், அதனால் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும். இவ்வளவும் ஒரு ஓசையோ நடுக்கமோ இல்லாமல் நடக்கிறது.

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். "வண்டி ஹீட் ஆனாத்தான் மேடம் பிரச்சினை, கூலா ஓடுனா நல்லதுதானே" என்றார், அதையும் கணவரைப் பார்த்துச் சொன்னார். போனில் பதிவு செய்து வைத்திருந்த வரைபடத்தையும் அந்தக் குறியீட்டையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாத்திப் பாத்துடலாம்" என்றார். மாற்றியதும் 89-க்கும் 93-க்கும் இடையில் ஆடாமல் நின்றது. சமதரையில் 90 கி.மீ. வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை (ஆர்.பி.எம்) முன்பைவிட இருநூறு போல இறங்கியிருந்தது. நோட்டில் 7.7. இதை நீங்களே கழற்றுவதாக இருந்தால், இன்ஜின் முழுக்க ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

அதே ஸ்கேனர் இன்னொரு கண்ணாடியையும் என் முகத்துக்கு நேராகக் காட்டியது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வண்டியை ஸ்டார்ட்டிலேயே போட்டு, முன் ஏசி பின் ஏசி இரண்டும் ஓட, பதினைந்து நிமிடம் போன் பார்த்துக்கொண்டிருப்பேன். மணிக்கு 1.9 லிட்டர் என்று காட்டியது. வாரம் ஐந்து நாள், பதினைந்து நிமிடம் என்றால் ஒன்றேகால் மணி நேரம். எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு டேங்க். ஆக ஒவ்வொரு டேங்கிலும் ஐந்து லிட்டர், வண்டி ஒரு அடிகூட நகராமல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிரேக்கின் மேலும் தெர்மோஸ்டாட்டின் மேலும் போட முடியாது, முழுக்க என் கணக்குதான். இப்போது அணைத்துவிட்டு இறங்கி நிழலில் நிற்கிறேன். பத்து விநாடிக்கு மேல் நிற்கப்போகிறோம் என்றால் அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வதே பெட்ரோலுக்கு லாபம். நான் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டேன், சிக்னலில் அல்ல, காத்திருக்கும் இடங்களில். அணைத்த வண்டிக்குள் குழந்தைகளை விட்டுவிட்டு இறங்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, மூடிய வண்டி சீக்கிரம் கொதித்துவிடும்.

பின் ஏசியையும் சொல்ல வேண்டும். பின்னால் யாருமே இல்லாமல் அது பல மாதம் ஓடியிருக்கிறது. சின்னவன் ஒரு நாள் போட்ட பட்டன்.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். இதில் எனக்குக் குருவாக அமைந்தது ஒரு காலித் தண்ணீர் பாட்டில். மூன்றாவது சீட்டுக்கு அடியில் எங்கோ கிடந்தது. பிரேக் போட்டால் 'கடகட' என்று முன்னால் உருண்டு வரும், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் போய் 'டொக்' என்று இடிக்கும். எடுத்துப்போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் அது எத்தனை முறை உருள்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன். பள்ளியிலிருந்து வீடு வரும் நான்கு கிலோமீட்டரில் இருபத்தாறு முறை. ஒவ்வொரு 'கடகட'வும், பெட்ரோல் எரித்து வாங்கிய வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கிக் காற்றில் விட்டதன் சத்தம். இரண்டு டன் வண்டியில் அது சின்னத் தொகை இல்லை.

தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுத்துவிடுவது என்று பழகினேன். கியரில் இருந்தபடி காலை எடுத்தால், இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் சக்கரமே இன்ஜினைச் சுற்றவைக்கும், பெட்ரோல் முழுக்க நின்றுவிடும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் புத்தி. நியூட்ரலில் இன்ஜின் தானாகச் சுற்றப் பெட்ரோல் வேண்டும், இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. ஒரு மாதத்தில் பாட்டில் ஒன்பதுக்கு இறங்கியது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து வரும் என் மாமியார், "இப்பல்லாம் நீ ஓட்டுனா தூக்கம் வருதும்மா" என்றார். நோட்டில் வந்த எண்ணைவிட அதுதான் எனக்குப் பெரிய சர்டிஃபிகேட்.

நெடுஞ்சாலையில் 110-இலிருந்து 95-க்கு இறங்கினோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 95-ஐவிட 110-இல் அது 34 சதவீதம் கூடுதல். மினிவேனின் முகமோ பீரோவை நிமிர்த்தி வைத்த மாதிரி. நூறு கிலோமீட்டரில் இழந்த நேரம் எட்டரை நிமிடம். கணவர் இதற்கு மட்டும் இன்றுவரை மனதார ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஓட்டும் நாட்களில் நோட்டில் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுவோம்.

காசைக் கரைத்தவையும் உண்டு. டேங்கில் ஊற்றும் ஒரு பாட்டில் மருந்து, இரண்டு டேங்குக்கு ஊற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை உறவினர் ஒருவர் அன்போடு தந்தார், அது இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் பள்ளி டைம்டேபிளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பதும் பழைய கார்புரேட்டர் வண்டிக்குத்தான் பொருந்தும். இன்ஜெக்ஷன் வண்டியில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும், கலவையைக் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். உயர்ரக ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான், வண்டியின் புத்தகம் கேட்டால் ஒழிய வேண்டாம். இன்ஜின் ஆயிலில் மட்டும் ஒரு பிழை இருந்தது: மூடியில் 5டபிள்யூ-20 என்று அச்சடித்திருக்க, முந்தைய சர்வீஸில் அதைவிடக் கெட்டியான 10டபிள்யூ-40 ஊற்றியிருந்தார்கள். சரியானதை ஊற்றினோம். ஒன்றிரண்டு சதவீதம் கிடைத்திருக்கலாம், என் நோட்டுக்கு அது எட்டவில்லை.

கடைசி மூன்று டேங்கின் சராசரி 8.6. நூறு கிலோமீட்டருக்கு 14.7 லிட்டர் போனது இப்போது 11.6. இதற்கு மேல் ஏறாது என்று நினைக்கிறேன். எங்கள் ஓட்டத்தில் பாதி, இன்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் சின்னப் பயணங்கள். காலையில் பள்ளி, திரும்பி வீடு, ஒரு மணி நேரம் கழித்துக் கடை, மறுபடி வீடு என்று போவதை முடிந்தவரை ஒரே சுற்றாக்கிவிட்டேன், இன்ஜின் ஒரு முறை சூடானால் எல்லா வேலையும் அந்தச் சூட்டிலேயே முடிகிறது. ஹைபிரிட் மினிவேனுக்கு மாறினால் நிலைமையே வேறு. அமெரிக்காவில் டொயோட்டா சியன்னா 2021 மாடலிலிருந்து ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது, அதன் அரசு அளவீடு லிட்டருக்குப் பதினைந்தைத் தாண்டுகிறது. அது பிறகு. இந்த வண்டிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

நோட்டை இப்போது மகள்தான் எழுதுகிறாள். போன விடுமுறைக்கு ஏழு பேரும் ஏறி, டாப் பாக்ஸும் ஏற்றிப் போய்வந்தோம். 7.6 என்று எழுதி, பக்கத்தில் 'பாக்ஸ்' என்று அடிக்கோடிட்டாள். திரும்பி வந்தது இரவு பதினொன்றரைக்கு. பெட்டிகளைக்கூட இறக்கவில்லை, ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் ஸ்டூலில் ஏறி, பாக்ஸின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.